பிறப்பின் ஊதியம்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடியது புறநானூற்றின் 28ஆம் பாட்டு. குருடு, கூன், குறள், ஊமை, செவிடு எனப் பிறவிக் குறைகள் எட்டினை எண்ணி, அவற்றால் ஊதியமில்லை என முன்னோர் மொழிந்ததாக அவர் எடுத்துரைக்கும் இடத்தைக் கட்டுக்கரையில் ஒரு வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். "அப்ப என்ர தம்பியும் அதுக்குள்ளயா, சேர்?" என்றாள் ஒரு மாணவி. தம்பிக்கு டவுண் சின்ட்ரோம். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று. நான் கற்ற உரைகளில் அவளுக்கு விடை இல்லை.

அறம், பொருள், இன்பம் பேசும் பாட்டென்று பாராட்டுவதோடு நம் பண்டிதர் நின்றுவிடுவர். குறையின்றிப் பிறந்த அரசன் அப்பிறப்பை வீணாக்கலாகாது என்பதே புலவரின் நோக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மனிதப் பிறவியை ஊதியத்தால் அளக்கும் கோல் அங்கே கேள்வியின்றி நிற்கிறது. அதனைச் சுட்டாது விடுவது திறனாய்வு அன்று, துதி.

அதே கோல் இன்று ஆய்வுகூடத்திலும் புகுந்திருக்கிறது. தாயின் குருதியிற் கருவின் மரபணுக் கூறுகள் கலந்திருப்பதை 1997இல் டெனிஸ் லோ குழுவினர் கண்டனர். விஞ்ஞானத்தின் அரிய வெற்றி அது. அதைப் பழிப்பது மூடத்தனம். 21ஆம் நிறமூர்த்தத்தின் மிகையைச் சுட்டுவதில் அச்சோதனை வல்லது. ஆனால் வணிகர் அதனை மிக அரிய குறைகளுக்கும் விரித்தனர். 10,000 கருக்களில் ஒன்றுக்கே வரும் குறை, ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் பொய்யாய் எச்சரிக்கும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். எத்துணை நேர்த்தி! கணக்கிட்டுப் பாருங்கள்: மெய் எச்சரிக்கை ஒன்று, பொய் எச்சரிக்கை பத்து. இத்தகைய சில அரிய குறைகள் பற்றிய எச்சரிக்கைகளில் ஏறத்தாழ 85 வீதம் தவறானவை என 2022 ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் எழுதிற்று. பனிக்குடநீரை எடுத்துச் சோதித்து உறுதிசெய்வதற்கோ ஏறத்தாழ 15 வாரம் ஆகவேண்டும். அதுவரை தாய் எதை எண்ணி உறங்குவாள்?

உறுதியானாலும் இலங்கைத் தாய்க்கு வழி ஏது? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. 1995இலும் 2017இலும் எழுந்த திருத்த முயற்சிகள் நிறைவேறவில்லை. டவுண் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயக் குறையும் உண்டு. பிறக்கட்டும் என வற்புறுத்துவோர், அந்த இதயத்தைச் சோதிக்கக் கொழும்புக்குச் செல்லும் ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் வழியையும் பேசுவார்களா? காசுள்ளவள் இரண்டு வழியிலும் தப்புவாள். வயற்கூலிக்காரிக்கு இரண்டும் அடைப்பு.

அப்பாட்டின் எட்டினுள் ‘மா’ என்றொன்று வருகிறது. மனிதப் பிறவியை விலங்கோடு வைத்தெண்ணும் சொல். அதன் பொருளை அன்று நான் கரும்பலகையில் எழுதவில்லை.