பழைய பாலம், புதுப் பாலம்

நாவலை விமரிசனம் செய்யலாம். நாடகத்தையும் சங்கீதக் கச்சேரியையும் விமரிசனம் செய்யலாம். ஒரு பாலத்தை விமரிசனம் செய்யலாமா என்று சிலருக்குச் சந்தேகம் தோன்றக்கூடும். பாலம் என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகவேண்டும், நடுவில் விழக்கூடாது, அவ்வளவுதானே? மற்றதெல்லாம் இஞ்சினீயர் பாடு, நகரசபை பாடு என்று விட்டுவிடலாம் அல்லவா?

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிடிக்காத நாவலைப் பத்தாவது பக்கத்தில் மூடி வைத்துவிடலாம். மோசமான ஸினிமாவாக இருந்தால் இடைவேளையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஊர் நடுவில் கட்டிய பாலத்தை அப்படி மூடி வைக்க முடியாது. வேலைக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளும் தினந்தோறும் அதன் முகத்தில் விழித்தே தீரவேண்டும். ஒருவர் இருவர் அல்ல. இரண்டு மூன்று தலைமுறை விழிக்கவேண்டும். அப்படிப்பட்ட சிருஷ்டியை விமரிசனம் செய்யாமல் வேறு எதைச் செய்வது?

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஆறாவது தெருப் பாலம். 1932-ல் கட்டிய பழைய பாலத்தை 2016-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில், அதே பெயரில், 2022 ஜூலை மாதம் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். செலவு 58 கோடியே 80 லட்சம் டாலர். அந்த நகரம் அதற்கு முன் இவ்வளவு பெரிய பால வேலையில் இறங்கியதில்லை. பழையதை ஏன் இடித்தார்கள், புதியதை எப்படிக் கட்டினார்கள், கட்டியதை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்ற மூன்று கேள்விகளிலும், கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் கவனிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது.

முதலில் பழைய பாலம். நகரத்தின் மையப் பகுதிக்கும், ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பாயில் ஹைட்ஸ் பேட்டைக்கும் இடையே ஏறக்குறைய 3,500 அடி நீளத்துக்கு அது போயிற்று. ஓர் ஆற்றைத் தாண்ட இத்தனை நீளமா என்று கேட்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆறு என்பது, 1938 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாலும் அடியும் கரையும் கான்கிரீட் போட்ட ஒரு பெரிய வாய்க்கால். வருஷத்தில் முக்கால்வாசி நாள் நடுவில் நூல் மாதிரி தண்ணீர் ஓடும். பாலம் அந்த நூலை மட்டும் தாண்டினால் போதாது; இரு பக்கமும் உள்ள ரயில் தண்டவாளங்களையும், கிடங்குகளையும், தெருக்களையும், பின்னால் வந்த மோட்டார் நெடுஞ்சாலையையும் தாண்டியாகவேண்டும்.

மெரில் பட்லர் என்ற நகர இஞ்சினீயரின் பொறுப்பில் அந்தக் காலத்தில் ஆற்றின் குறுக்கே வரிசையாகப் பல பாலங்கள் எழும்பின. முதல் தெருப் பாலம் 1929-ல் வந்தது. நாலாவது தெருப் பாலம் 1931-ல் வந்தது. ஆறாவது தெருப் பாலம் அந்த வரிசையில் கடைசி. மற்ற இடமெல்லாம் சாதாரணத் தூண்களின்மேல் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த சாலை, ஆற்றுக்கு வந்தவுடன் இரண்டு இரும்பு வளைவுகளுக்கு நடுவே புகுந்து வெளியே வரும். பாலத்தின் அழகெல்லாம் அந்த இரண்டு வளைவுகளில்தான் இருந்தது. ஸினிமாக்காரர்கள் அதை விடுவார்களா? கார்ப் பந்தயம், துரத்தல், காதல், கொலை எல்லாவற்றையும் அந்தப் பாலத்தின் மேலும் கீழும் வைத்துப் படம் பிடித்துத் தள்ளினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குக்கூட, அந்த வளைவுகள் எங்கேயோ பார்த்த முகம்போல் இருக்கும்.

இத்தனை புகழ் பெற்ற பாலத்துக்கு உள்ளுக்குள்ளே ஒரு நோய் இருந்தது. கட்டுகிற இடத்திலேயே ஓர் ஆலை போட்டுக் கான்கிரீட் கலந்தார்கள். ஸிமெண்டில் உள்ள காரம், கலந்த ஜல்லியிலும் மணலிலும் இருந்த ஒருவகை சிலிக்காவோடு சேர்ந்து, பசைபோன்ற ஒரு பொருளை உண்டாக்கிற்று. ஈரம் பட்டால் அந்தப் பசை ஊதும். ஊதினால் கான்கிரீட் விரிசல் விடும். விரிசலில் மேலும் ஈரம் புகும். பசை மேலும் ஊதும். மனிதனுக்கு வருகிற சில வியாதிகளைப் போலவே, இதுவும் வெளியிலிருந்து தாக்குவதில்லை. பிறவியிலேயே கூட வருகிறது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? இந்த வியாதியை முதன்முதலில் கண்டுபிடித்து விளக்கியவர் தாமஸ் ஸ்டான்டன் என்பவர். அவரும் அதே கலிபோர்னியா மாகாணத்தில் சாலை இலாகா இஞ்சினீயர்தான். கண்டுபிடித்தது 1940-ல். பாலம் திறந்து எட்டு வருஷம் கழித்து! நாவலாசிரியன் இதைக் கதையில் எழுதினால், "இவ்வளவு பொருத்தமாக நடக்குமா?" என்று வாசகர்கள் சிரிப்பார்கள். விதி அப்படியெல்லாம் வெட்கப்படுவதில்லை. கடைசியில் நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, ஐம்பது வருஷத்துக்குள் ஒரு பெரிய பூகம்பத்தில் பாலம் விழுவதற்கு நூற்றுக்கு எழுபது பங்கு இடமிருக்கிறது என்றார்கள். பூகம்ப பூமியில் அதற்கு மேல் என்ன யோசனை? இடிக்கவேண்டியதுதான்.

இங்கேதான் கலையைப் பற்றிய உண்மையான கேள்வி எழுகிறது. இடித்த இடத்தில் எதைக் கட்டுவது?

பழைய பாலத்தை அச்சு அசலாக மறுபடியும் கட்டவேண்டும் என்று ஒரு கட்சி இருந்தது. அந்தக் கட்சியை நான் கேலி செய்யமாட்டேன். எண்பது வருஷம் கண்ணெதிரே நின்ற ஒன்று மறைந்துபோகும்போது, அதேபோல் ஒன்று வேண்டும் என்று மனம் கேட்பது இயல்பு. இருந்தாலும் அந்தக் கட்சியின் பக்கம் என்னால் சேர முடியவில்லை. பழைய பாலத்தின் மதிப்பு அதன் உருவத்தில் மட்டுமா இருந்தது? 1932-ன் கைத்திறனும், 1932-ன் அறிவும், அந்த அறிவுக்கு எட்டாத நோயும் சேர்ந்ததுதான் அந்தப் பாலம். அதே உருவத்தை இன்றைய கான்கிரீட்டில் வார்த்தால் பாட்டியின் புடவையைப் பேத்திக்குக் கட்டிவிட்டு, "இதோ பாட்டி" என்று காட்டுவதுபோல் ஆகும். பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் நன்றாக இருக்கும். அப்புறம் பாட்டி இல்லையே என்ற துக்கம்தான் அதிகமாகும்.

நகரம் 2012-ல் ஒரு போட்டி வைத்தது. மைக்கேல் மால்ட்ஸன் என்ற கட்டடக் கலைஞரும், எச்.என்.டி.பி. என்ற இஞ்சினீயரிங் நிறுவனமும் சேர்ந்து அனுப்பிய திட்டம் வென்றது. பழைய பாலத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: வளைவு. இரண்டு வளைவு இருந்த இடத்தில் பத்து ஜோடி, ஆக இருபது வளைவுகளைப் பாலத்தின் இரு பக்கமும் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நேராகக்கூட நிறுத்தவில்லை, ஒவ்வொன்றும் வெளிப்பக்கமாக ஒன்பது பாகை சாய்ந்து நிற்கிறது. கீழே தரையிலிருந்து கிளம்புகிற தூண் சாலையைத் தாண்டி மேலே போய், வளைந்து, அடுத்த தூணாக இறங்குகிறது. எங்கே தூண் முடிந்தது, எங்கே வளைவு தொடங்கிற்று என்று சொல்ல முடியாது. கூழாங்கல்லை ஏரியில் தட்டி எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி சாலையின் ஓரத்தில் வளைவுகள் தத்திக்கொண்டு போகின்றன.

இந்த வளைவுகள் வெறும் அலங்காரமா? இல்லை. வளைவுகளிலிருந்து இறங்கும் எஃகுக் கம்பிகள்தான் சாலையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. கம்பிகளை எடுத்துவிட்டால் சாலை நிற்காது. அலங்காரமே பாரத்தையும் சுமக்கிறது என்பது கலையில் சாமான்யமான விஷயம் அல்ல. வர்ணனைக்காக வர்ணனை எழுதுகிறவர்கள் இந்தப் பாலத்தின் அடியில் சற்று நேரம் நின்று பார்க்கலாம். பூகம்பத்துக்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடும் ரஸிக்கத் தகுந்தது. தூண்களுக்கு நடுவே கிண்ணம்போன்ற எஃகுத் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். பூமி ஆடினால் மேற்பாகம் அந்தக் கிண்ணங்களில் ஏறக்குறைய 30 அங்குலம் வரையில் வழுக்கிப் போய்த் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும். பூமியோடு சண்டை போடாமல், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும் குடும்ப ஸ்திரீயின் சாமர்த்தியம் அது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ஒரு கதாசிரியனுக்கு உடனே தோன்றக்கூடிய குறை இது: பழைய பாலத்தில் வளைவு ஓர் உச்சகட்டம். நீளமான சாதாரண நடைக்குப் பிறகு, ஆறு வந்த இடத்தில், கதை உச்சத்துக்கு ஏறி இறங்கிற்று. புதுப் பாலத்தில் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரையில் உச்சகட்டம்! அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதாநாயகி மூர்ச்சை போட்டு விழும் தொடர்கதை மாதிரி அல்லவா ஆகிவிட்டது?

இந்தக் குறையில் பாதிதான் நியாயம். வளைவுகள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. சில 30 அடி. சில 60 அடிக்கு எழும்புகின்றன. கதைக்கு ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதைவிட முக்கியமான பதில் வேறொன்று உண்டு. பழைய பாலம் ஆற்றுக்கு மட்டும் மரியாதை செய்தது. தண்டவாளத்துக்கும், கிடங்குக்கும், கிழக்குக் கரைத் தெருக்களுக்கும் சாதாரணத் தூண் போதும் என்று வைத்தது. இன்றைக்கு அந்த ஆற்றைவிட, இரு கரையிலும் வாழ்கிற ஜனங்கள்தான் முக்கியம். பாயில் ஹைட்ஸ் ஏழை எளியவர்கள் வந்து குடியேறிய பேட்டை. யூதர்களும் ஜப்பானியரும் மெக்ஸிகோக்காரர்களும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்த இடம். 1942-ல் ஜப்பானியக் குடும்பங்களை அங்கிருந்து வாரிக்கொண்டு போய் முகாம்களில் அடைத்தார்கள். பிற்பாடு மோட்டார் நெடுஞ்சாலைகள் போடுவதற்காக வீடுகளை இடித்துப் பேட்டையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். இப்போது பெரும்பாலும் மெக்ஸிகோ வம்சத்தினர் வசிக்கிறார்கள். நகரத்துக்கு வேண்டாத பாரத்தையெல்லாம் தலையில் சுமந்த அந்தப் பேட்டைக்கு நேர் மேலேயும் அதே வளைவு வந்து நிற்கிறது என்றால், அதை மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பேட்டையின் பயத்தையும் சொல்லவேண்டும். மேற்குக் கரையில் பழைய கிடங்குகளெல்லாம் சித்திரக் கூடங்களாகவும், வாடகை மிகுந்த குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. அழகான பாலம் வந்தால் அந்தப் பணமும் நடந்து இந்தப் பக்கம் வரும், வாடகை ஏறும், நாம் எங்கே போவது என்று கிழக்குக் கரைக்காரர்கள் கேட்டார்கள். பாலத்தின் கீழே 12 ஏக்கரில் பூங்கா வரும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 2022-ல் பாலத்துக்குத் திறப்பு விழா நடந்தது. பூங்கா அப்போது காகிதத்தில் இருந்தது. மேலே போகிறவர்களுக்கு வளைவு முதலில் கிடைத்தது. கீழே வசிக்கிறவர்களுக்கு நிழல் பின்னால் என்று ஆயிற்று. கலைஞன்மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. ஆனால் கலைப்பொருளை ஏற்பாடு செய்தவர்கள்மேல் சுமத்தலாம்.

திறந்த பிறகு நடந்ததுதான் பெரிய வேடிக்கை. முதல் சில வாரங்களில் ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது. நடுச் சாலையில் நாற்காலி போட்டு முடி வெட்டிக்கொண்டான் ஒருவன். வளைவுகளின்மேல் ஏறி நடந்தார்கள் சிலர். இளைஞர்கள் காரைப் பம்பரமாகச் சுற்றிப் புகை கிளப்பினார்கள். போலீஸார் பல இரவுகள் பாலத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் கண்டித்து எழுதின. எனக்கு அதில் பாதிக் கோபமும் பாதிச் சந்தோஷமும் உண்டு. வெறும் சாலையை யாரும் மேடையாக்குவதில்லை. மேடைபோல் கட்டியதால் ஜனங்கள் மேடையாக்கினார்கள். வளைவை ஏறத் தூண்டும் வடிவத்தில் தரை வரையில் இறக்கிவிட்டு, "ஏறாதே" என்றால் பையன்கள் கேட்பார்களா?

அடுத்து நடந்ததில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. இந்தப் பாலத்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'ஒளி நாடா'. இரவில் வளைவுகள் விளக்கொளியில் நெளிந்து போகும் என்று பெருமையாகச் சொன்னார்கள். திறந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் திருடர்கள் விளக்குகளின் தாமிரக் கம்பிகளை ஏறக்குறைய 7 மைல் நீளத்துக்கு உருவிக்கொண்டு போய்விட்டார்கள். ஒளி நாடா இருட்டில் கிடந்தது. ராத்திரி நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கைவிளக்கு எடுத்துப் போகிற நிலைமை.

பழைய பாலத்தையும் புதுப் பாலத்தையும் இந்த இடத்தில்தான் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பழையது அழிந்தது, அன்று உலகத்தில் எவருக்கும் தெரியாத ஒரு காரணத்தால். புதியது இருண்டது, தெருவில் போகிற எவருக்கும் தெரிந்த காரணத்தால். தாமிரத்துக்கு விலை உண்டு. பூட்டு இல்லாத பெட்டியைத் திறப்பார்கள். பெரிய ஊரில் பட்டினி கிடப்பவர்களும் உண்டு. வரப்போகும் பூகம்பத்தை எண்ணிக் கிண்ணம் வைத்துக் கட்டிய அதே நகரம், நாளைக்கு வரும் திருடனை எண்ணி ஒரு பூட்டுப் போட மறந்துவிட்டது. பெரிய ஆபத்துகளுக்குத் தயாராக இருந்து, சின்ன ஆபத்துகளில் தோற்றுப்போவது தனி மனிதர்களுக்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல போலிருக்கிறது.

ஆகையால் என் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தே சொல்லவேண்டும். மால்ட்ஸனுடைய சிருஷ்டி நல்ல சிருஷ்டி. முன்னோரை நகல் எடுக்காமல், அவர்களிடமிருந்து ஒரே ஒரு கோட்டைக் கடன் வாங்கி, அதை ஊர் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய பாலத்தை நேசித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திராது. ஆனால் நாவலை எழுதி முடித்தவுடன் ஆசிரியன் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்; அச்சிட்ட எழுத்தை ஒருவன் உருவிக்கொண்டு போக முடியாது. பாலம் அப்படி முடிகிற வேலை இல்லை. திறப்பு விழா அன்று முதல் அத்தியாயம்தான் முடிகிறது. மற்ற அத்தியாயங்களைத் துடைப்பக்காரரும், விளக்குப் போடுகிறவரும், ஆணியை முடுக்குகிறவரும் வருஷா வருஷம் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். அவர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று கையை விரிக்கிற நகரம் இருபது வளைவு கட்டினாலும் ஒன்றுதான், இரண்டு வளைவு கட்டினாலும் ஒன்றுதான்.