ஆலயம் இழந்த சிற்பங்கள்

வட ஜெர்மனியில் உள்ள கூஸ்ட்ரோ என்னும் சிற்றூரில், புனித கெர்த்ரூத் பெயரால் அமைந்த பழைய சிற்றாலயம் 1953 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. எர்ன்ஸ்ட் பார்லாக் (1870–1938) என்னும் சிற்பியின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வழிபாடு நின்ற ஆலயத்தில் சிற்பங்கள் குடியேறியிருக்கும் இக்காட்சியைக் கலைநயத்தால் மட்டும் அளந்துவிடுதல் போதாது. திருச்சபை அதன்முன் தன்னையும் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.

1906இல் ருஷ்ய நாட்டிற்குச் சென்ற பார்லாக், அங்கே கண்ட ஏழைக் குடியானவரிடமும் இரவலரிடமும் தம் கலைக்குரிய உருவங்களைக் கண்டடைந்தார். கனத்த மேலங்கிக்குள் உடல் முழுவதும் ஒரே திரளாக ஒடுங்கி நிற்பதே அவர்தம் நடை. இச்சிற்றாலயத்திலுள்ள ‘வாசிக்கும் மடத்து மாணவன்’ (1930) என்னும் மரச்சிற்பம் இதற்குச் சிறந்த சான்று. மடியில் விரிந்த நூலை நோக்கித் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அவ்விளைஞனிடம் பரவசம் எதுவும் இல்லை. கவனம் மட்டுமே உண்டு. வாசிப்பும் ஜெபமாகக் கூடும் என்பதை இறையியல் மாணவர் இதனினும் தெளிவாகக் கற்றல் அரிது.

பார்லாக் என்றும் இத்தகைய அமைதியில் நின்றவர் அல்லர். 1914இல் போர் மூண்டபோது எழுந்த எழுச்சியில், வாளோங்கிப் பாயும் ‘பழிவாங்குவோன்’ என்னும் உருவைச் சமைத்தார். போரின் அழிவே அவரை மாற்றிற்று. 1929இல் மாக்டபர்க் பேராலயத்திற்கென அவர் செதுக்கிய போர் நினைவுச் சின்னத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. போர்வீரர் மூவர் சிலுவையைச் சூழ்ந்து நிற்க, அவர்களுக்குக் கீழே மரணமும் துயரமும் அச்சமும் உருப்பெற்றுள்ளன. இதனை அகற்றுமாறு வேண்டியது அரசு மட்டுமன்று. அப்பேராலயத்தின் சபை மன்றமே அவ்வாறு வேண்டிற்று. 1934இல் அச்சின்னம் அகற்றப்பட்டது. சிலுவையைப் பிரசங்கிக்கும் சபை, சிலுவையின் அடியில் அழுகிறவர்களைக் காணச் சகிக்கவில்லை.

கூஸ்ட்ரோ பேராலயத்தில் 1927இல் தொங்கவிடப்பட்ட ‘மிதப்பவர்’ என்னும் வெண்கல உருவத்திற்கும் இத்தகைய கதியே நேர்ந்தது. கண்மூடி, கைகளை மார்பில் குறுக்கிட்டு வானில் கிடக்கும் அதன் முகம், போரில் மகனைப் பறிகொடுத்த கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் முகத்தை ஒத்தது. 1937இல் அது இறக்கப்பட்டு, பின்னர் போர்த்தேவைக்கென உருக்கப்பட்டது. நண்பர்கள் மறைவாக வார்த்து ஒளித்துவைத்த மறுபடி ஒன்று போருக்குப் பின் கொலோன் நகரின் அந்தோனியர் ஆலயத்தை அடைந்தது. அதிலிருந்து வார்த்த வேறொரு படியே இன்று கூஸ்ட்ரோவில் பழைய இடத்தில் தொங்குகிறது.

சிற்றாலயத்தின் அடக்கமான அளவு இச்சிற்பங்களுக்கு இசைந்ததே. ஆயினும் அந்த அமைதியில் ஓர் ஆபத்தும் உண்டு. கொடிய அரசொன்று நல்ல கலைஞரை வருத்தியது என இரங்கி நாம் நிறைவடைந்துவிடக் கூடும். ஆகவே அவ்வூரிலேயே உள்ள பேராலயத்திற்கும் சென்று ‘மிதப்பவர்’ அடியில் நிற்காதவரை இக்காட்சி முழுமை பெறாது. புறக்கணிக்கப்பட்டவற்றை அருங்காட்சியகம் காப்பது நன்று. ஆனால் துயருறுவோரின் முகத்திற்குத் தன் சுவரில் இடமளிக்கும் பொறுப்பினைத் திருச்சபை அதனிடம் ஒப்படைத்துவிடலாகாது. நம் ஆலயங்களில் எவருடைய துயரத்திற்கு இன்னும் இடமில்லை என்பதைக் குருமாராகிய நாம் கேட்டுக்கொள்வோமாக.