அன்றாட வாழ்வும் பாடநூற் கணக்கும்: ஒரு திறனாய்வு நோக்கு

கணிதப் பாடநூலைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது, இலக்கியம் ஒன்றே திறனாய்வுக்குரிய பொருள் எனக் கருதுவோர்க்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயின், பாடசாலைப் பருவம் முழுவதும் பிள்ளைகள் இடையறாது வாசிக்கும் உரைநடை வடிவமொன்று உண்டு. வசனக் கணக்கு என வழங்கிய அவ்வடிவத்தை இன்றைய பாடநூல்கள் பிரசினம் என்கின்றன. அதிலே பாத்திரங்கள் உள்ளன. இடமும் காலமும் உள்ளன. நிகழ்ச்சியும் முடிவும் உள்ளன. இரண்டு மூன்று வாக்கியங்களுள் அடங்கும் இக்குறுங்கதை, அன்றாட வாழ்வைக் காட்டுவதாக உரிமை பாராட்டுகின்றது. அவ்வுரிமை எத்துணை மெய்யானது என வினவுவது திறனாய்வாளனின் கடனேயாம். நேரம், வெப்பநிலை, அளவை ஆகியன பற்றிய பிரசினங்களைக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்துத் திறனாய்வுலகம் ஒரு காலத்தில் மண்வாசனை பற்றி மிகுதியாக விவாதித்தது. ஊர்ப்பெயரையும் பேச்சு வழக்கையும் புகுத்திவிட்டால் மட்டும் ஒரு கதை மண்ணின் கதையாகிவிடாது என்னும் தெளிவு அவ்விவாதத்தாற் கிடைத்த பேறுகளுள் ஒன்று. அத்தெளிவு கணிதப் பாடநூலின் வாசலை எட்டவில்லை போலும். அங்கு ஜோன் இருந்த இடத்திற் கண்ணனும், அப்பிள் இருந்த இடத்தில் மாம்பழமும் வந்தமர்ந்துள்ளமையே பெரும் மாற்றமாகக் கொள்ளப்படுகின்றது. “கண்ணன் 3 மீற்றர் 45 சென்ரிமீற்றர் நீளமான துணியிலிருந்து 1 மீற்றர் 78 சென்ரிமீற்றர் வெட்டினான், மீதி யாது?” என்பது போன்ற வினா இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகும். கண்ணன் துணியை எதற்காக வெட்டினான்? மீதியை அறிய விரும்பின் அவன் கழித்துப் பார்ப்பானா, துணியையே அளந்து பார்ப்பானா? இவ்வினாக்களுக்குக் கதையில் இடமில்லை. துணியும் கண்ணனும் இரண்டு எண்களைச் சுமந்து வருவதற்காகவே அங்கு நிறுத்தப்பட்டுள்ளனர்.

ஒரு பிரசினத்தின் அன்றாடத்தன்மை அதிலுள்ள பெயர்ச்சொற்களைப் பொறுத்ததன்று. வினாவின் தேவையைப் பொறுத்தது. விடை எவருக்கு வேண்டும், எதற்காக வேண்டும், எத்துணை நுட்பமாக வேண்டும் என்னும் மூன்றையும் சொல்லக்கூடிய பிரசினமே வாழ்விலிருந்து பிறந்தது எனத் துணியலாம். கதவுக்குச் சட்டம் அறுக்கும் தச்சனுக்கு ஒரு மில்லிமீற்றரும் பொருட்டு. வேலிக்குக் கதியால் வெட்டுபவனுக்கு ஒரு சாண் கூடினும் குறையினும் கேடில்லை. இருவருக்கும் ஒரே நுட்பத்தில் விடை கேட்கும் நூல் இருவரையும் அறியாத நூலாகும்.

இக்குறைபாட்டை உலகம் நெடுங்காலமாக அறியும். யதார்த்த நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் பிளோபேர், 1841இல் தம் தங்கைக்கு எழுதிய கடிதமொன்றிலே, கப்பலின் சரக்கு, காற்றின் திசை முதலிய தொடர்பற்ற விவரங்களையெல்லாம் அடுக்கிவிட்டுத் தலைவனின் வயது யாது என வினவிக் கணக்குப் புத்தகங்களை எள்ளினார். அவ்வெள்ளல் 1980 அளவில் மெய்யாயிற்று. கிரெனோபிள் நகரில், கப்பலொன்றில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பற்றலைவனின் வயது யாது என இளஞ்சிறார் 97 பேரிடம் வினவியபோது, 76 பேர் கொடுக்கப்பட்ட எண்களைக் கொண்டு வயதைக் கணித்தே விட்டனர். 1994இல் பெல்ஜியத்தில் வெளியான ஆய்வொன்று நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 80 பாகை நீர் ஒரு லீற்றரையும் 40 பாகை நீர் ஒரு லீற்றரையும் கலந்தால் வெப்பநிலை யாது, 100 மீற்றரை 17 செக்கனில் ஓடுபவன் ஒரு கிலோமீற்றரை எவ்வளவு நேரத்தில் ஓடுவான் என்பன போன்ற 10 வினாக்கள் 75 மாணவரிடம் கேட்கப்பட்டன. நடைமுறையை எண்ணிப் பார்த்த விடைகள் 17 சதவீதமே. நீரிரண்டையும் கலந்தால் 120 பாகை எனக் கூட்டுவதும், களைப்பறியாது 170 செக்கன் ஓடச் செய்வதும் அறிவின்மையால் நேர்வன அல்ல. கதையை நம்பாதே, எண்களை மட்டும் எடு என்னும் மரபை அப்பிள்ளைகள் செவ்வனே கற்றுள்ளனர் என்பதே இதன் பொருள்.

நேரம் பற்றிய பிரசினங்களில் இவ்விடர்ப்பாடு வேறொரு வடிவம் கொள்கின்றது. முற்பகல் 10.45க்குப் புறப்பட்ட பஸ் பிற்பகல் 1.20க்குச் சேர்ந்தது எனின், 13.20 இலிருந்து 10.45ஐத் தசம எண் போலக் கழித்து 2 மணித்தியாலம் 75 நிமிடம் என எழுதும் பிள்ளைகள் உளர். கடிகாரம் காட்டும் கணமும் கழிந்த கால அளவும் வெவ்வேறு பொருள்கள் என்பது அவர்க்கு உணர்த்தப்படவில்லை. ஆயின், அவ்வேறுபாட்டை ஈழத்தமிழ் ஏற்கெனவே தன்னுள் வைத்துள்ளது. ஐந்து மணி என்பது கணம்; ஐந்து மணித்தியாலம் என்பது அளவு. இரண்டு மணித்தியாலங்களைக் கூட்டலாம். இரண்டு மணிகளைக் கூட்டுதல் பொருளற்றது. வெப்பநிலைக்கோ இத்தகைய சொல்வேறுபாடு இல்லை. முப்பது பாகை என்பது நிலையையும் குறிக்கும், ஏற்றத்தாழ்வையும் குறிக்கும். 30 பாகைச் செல்சியஸ் 15 பாகையின் இருமடங்கு வெப்பமன்று என்பதை ஆசிரியர் இங்கு கூடுதல் முயற்சியோடு விளக்கவேண்டியுள்ளது. மொழி உதவும் இடத்தில் அதனைப் பயன்படுத்தாமையும், உதவாத இடத்தில் எச்சரியாமையும் நமது கற்பித்தலின் இரு குறைகளாகும்.

நேரக் கணக்கிற்கு இந்நாட்டின் அண்மை வரலாறே அரியதொரு பாடமாகும். 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டன. 2006 ஏப்ரிலிற் பழைய நேரம் மீண்டது. அவ்விடைக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதியிற் பழைய நேரமே வழங்கியது. எனவே, 2003இல் வவுனியாக் கடிகாரத்தில் முற்பகல் 10.00க்குப் புறப்பட்ட ஒருவர், கிளிநொச்சிக் கடிகாரத்தில் நண்பகல் 12.15க்குச் சேர்ந்திருப்பின், அவர் பயணஞ் செய்தது 2 மணித்தியாலம் 15 நிமிடமன்று. 2 மணித்தியாலம் 45 நிமிடமாகும். ஒரே நாட்டின் ஒரே வீதியில் இரு நேரங்களைக் கடந்து சென்ற மக்களின் பிள்ளைகளுக்கு, பெயரற்ற ஊர்களுக்கிடையே ஓடும் புகையிரதங்களை மட்டும் காட்டுவது ஏனோ?

அளவைகளிலும் இந்நிலையே. பாடநூல் ஹெக்ரயரைக் கற்பிக்கின்றது; யாழ்ப்பாணத்துக் காணி உறுதியோ பரப்பில் எழுதப்படுகின்றது. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பால் 750 மில்லிலீற்றர் கொண்ட போத்தற் கணக்கிலும், பொன் 8 கிராம் கொண்ட பவுண் கணக்கிலும் பேசப்படுகின்றன. மெற்றிக் முறையைக் கைவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. வீட்டளவைக்கும் பாடசாலை அளவைக்கும் இடையே பாலம் அமைப்பதே உண்மையான அளவைப் பிரசினம் என்பதே நாம் கூறவிழைவது. பாலமில்லாதவிடத்துப் பிள்ளை இரு உலகங்களை வைத்துக்கொள்கின்றது. ஒன்றில் அறிந்ததை மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதில்லை.

பயிற்சிக்காக எழுதப்படும் கணக்கில் யதார்த்தத்தைத் தேடுவது மிகையெனக் கணித ஆசிரியர் மறுக்கலாம். சூழலினின்றும் நீங்கிய பொதுமையே கணிதத்தின் வலிமை என்னும் அவரது வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எண்பயிற்சி வேண்டுமாயின் அதனை எண்பயிற்சியாகவே தரலாம். பொய்க்கதை எதற்கு என்பதே நமது வினா. கதையை அடியோடு நீக்குவதும் தீர்வாகாது. 1985இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், றெசிபே நகரத் தெருக்களிற் பண்டம் விற்ற ஐந்து சிறார், விற்பனையின்போது கேட்கப்பட்ட கணக்குகளுள் 98 சதவீதத்தைச் சரியாகச் செய்தனர். அதே வகைக் கணக்குகளை வசன வடிவில் 74 சதவீதமும், வெற்றெண்களாக 37 சதவீதமுமே சரியாகச் செய்தனர். சிறிய தொகையினரிடம் நடந்த ஆய்வாயினும், பொருள் விளங்கும் சூழல் அறிவைத் தாங்கி நிற்கின்றது என்பதை அது காட்டுகின்றது. பழைய மரபுக்கு மீள்வதே வழி என்பாரும் உளர். பலாப்பழத்தின் காம்பருகேயுள்ள முள்ளை எண்ணிச் சுளையின் தொகையைக் கூறும் கணக்கதிகாரத்தின் சுவை பெரிது. எனினும், அதன் அளவைகள் பலவும் இன்று வழக்கொழிந்தன. நாம் கொள்ளத்தக்கது, கண்முன் உள்ள பொருளை நோக்கி வினவும் அதன் பாங்கேயாகும்.

நல்ல பிரசினம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். தங்கைக்குக் காய்ச்சல், வீட்டு வெப்பமானி 101 எனக் காட்டுகின்றது. மருத்துவர் தந்த 60 மில்லிலீற்றர்ப் பாணி மருந்தின்மீது “5 மில்லிலீற்றர், 6 மணித்தியாலத்திற்கு ஒரு முறை” என எழுதப்பட்டுள்ளது. முதன்முறை பிற்பகல் 6.30க்குக் கொடுக்கப்பட்டது. 101 பாகைச் செல்சியஸ் நீரின் கொதிநிலைக்கு மேற்பட்டது என உணரும் பிள்ளை, இது பரனைற் அளவு, செல்சியஸில் ஏறத்தாழ 38.3 எனத் தெளியும். அடுத்த வேளை நள்ளிரவு 12.30 எனக் கணிக்கும். 6 மணித்தியாலத்தை 6 மணி என வாசித்தால் ஒரு வேளை தவறிவிடும் என அறியும். சமையற் கரண்டி 5 மில்லிலீற்றர்தானா என அளவுக் கிண்ணத்தால் ஒப்பிட்டுப் பார்க்கும். மருந்து எத்தனை நாளுக்குக் காணும் என்பதற்கு மூன்று நாள் என்பது வகுத்தலின் விடை. ஆனால், மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடிப்பின் போத்தல் முடியும்வரை காத்திராது இரத்தப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்பதே வாழ்வின் விடை. 2017இல் ஓராண்டிலேயே 180,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான நாட்டில் இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று.

இத்தகைய பிரசினங்களை எழுதப் புதிய கருவிகளோ பெரும் பொருட்செலவோ வேண்டா. வெப்பமானியையும் நாடாவையும் மருந்துப் போத்தலையும் வகுப்பறைக்குக் கொணரும் ஆசிரியரும், பிள்ளையின் விடையைத் திருத்துமுன் அவ்விடை நடக்கக்கூடியதா எனப் பிள்ளையிடமே வினவும் வழக்கமும் போதும். பாடநூலாக்குவோர் தாம் எழுதிய ஒவ்வொரு பிரசினத்தையும் நோக்கி, இவ்விடை எவருக்கு வேண்டும் எனக் கேட்பாராக. எவருக்கும் வேண்டாத விடையைத் தேடப் பழகிய பிள்ளை, தனக்கு வேண்டிய விடையைத் தேடவேண்டிய வேளையிலும் கையருகேயுள்ள எண்களைக் கூட்டிவிட்டு அமைதியடையும் என்பதே நாம் அஞ்சவேண்டியதாகும்.