கமரன் அம்மையாரும் குவியத்தின் விதியும்

உருவம் கூர்மையாக விழவேண்டும் என்பது ஒளிப்படக் கலையின் முதல் விதி. 1879 இல் இலங்கையில் மறைந்து பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பெற்ற யூலியா மார்கறெற் கமரன் அவ்விதியைக் கல்லாது மீறினாரா, கற்று மீறினாரா? 1863 இல், தமது 48 ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கருவியைக் கொண்டே அவர் இக்கலையிற் புகுந்தார். முகங்கள் கலங்கியுள்ளன, தகடுகளிற் கறையும் கீறலும் மலிந்துள்ளன என இலண்டன் ஒளிப்பட ஏடுகள் இகழ்ந்தன. இகழ்ச்சி முற்றும் பொய்யன்று. முதலிற் கிடைத்த மங்கல் தற்செயலே என அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயின், வில்லையைத் திருகுங்கால் அழகெனக் கண்ட இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டது தற்செயலாகாது. முறையான குவியம் எதுவெனக் கூற யாருக்கு உரிமையுண்டு என 1864 இறுதியில் வானியலறிஞர் ஹேர்ஷலுக்கு எழுதிய மடலில் வினவினார்.

அதே ஹேர்ஷலை 1867 இற் படமாக்கினார். இருளினின்று முதிய முகமொன்று எழுகின்றது. நரைமயிர் ஒளியிற் கரைகின்றது. விழிகளோ நம்மை விடுவதில்லை. யாண்டும் ஒரே கூர்மை பரவியிருப்பின் அவ்விழிகளுக்கு இவ்வாற்றல் வாய்த்திராது. கீறலையும் கறையையும் இதனோடு சேர்த்துக் கலைநோக்கமெனப் போற்றுவார் இன்று உளர். அது மிகை. மங்கலை அவர் தெரிந்தெடுத்தார். ஈரத்தகட்டு வேலையிற் கைதவறி வந்த கீறலைப் படத்தின் பொருட்டுப் பொறுத்துக்கொண்டார்.