முடிவுறாப் பணியும் மாணவர் ஆய்வும்: பெர்லின் உளவியல் ஆய்வகத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கற்றல், நினைவு குறித்த பாடநூல்களில் சைகார்னிக் விளைவு அறிமுகமாகும் விதம் பெரும்பாலும் ஒன்றே. உணவகப் பணியாளர் ஒருவர் பணம் செலுத்தப்படாத கணக்கை நினைவில் வைத்திருக்கிறார், செலுத்தியதும் மறந்துவிடுகிறார். இதனைக் கண்ட கர்ட் லெவினுக்கு ஒரு கருத்துத் தோன்றுகிறது. மாணவி அதனைச் சோதித்து உறுதிசெய்கிறார். பேராசிரியருக்குக் கருத்தையும் மாணவிக்குக் கைவேலையையும் பங்கிட்டளிக்கும் இக்கதையில் ஆய்வகப் பயிற்சி என்பதே மறைந்துபோகிறது.

புளூமா சைகார்னிக் பெர்லின் பல்கலைக்கழகத்தில் லெவினின் வழிகாட்டலில் மேற்கொண்ட முனைவர்பட்ட ஆய்வு 1927இல் அச்சேறியது. பங்கேற்பாளருக்கு 18 முதல் 22 வரையிலான சிறு பணிகள் தரப்பெற்றன. அவற்றுள் பாதி இடையிலேயே நிறுத்தப்பட்டன. பின்னர் நினைவுகூரச் செய்தபோது முதல் தொகுதியில் முடிவுறாத பணிகள், முடிவுற்றவற்றைப்போல் சராசரியாக 1.9 மடங்கு நினைவுகூரப்பட்டன. பாடநூல்கள் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆய்வேட்டின் வலிமையோ இதன்பின்னரே தொடங்குகிறது. குறுக்கிட்டதன் அதிர்ச்சிதான் நினைவுக்குக் காரணமோ என்னும் ஐயத்தைச் சைகார்னிக்கே எழுப்பி, நிறுத்திய பணிகளைப் பின்னர் முடிக்கவிட்டும் சோதித்தார். அவை முடிவுறாதவற்றைப்போல் நினைவில் நிற்கவில்லை. களைப்புற்றோரிடம் விளைவு தோன்றாமையையும் பதிவுசெய்தார். தன் முடிவைத் தானே ஐயுறக் கற்றலே அவ்வாய்வகம் அளித்த பயிற்சி எனலாம்.

லெவினின் மாணவர் ஆய்வுகள் ஒரே இதழில் தொடர்வரிசையாக வெளிவந்தன: ஓவ்சியங்கினா, கார்ஸ்டன் (1928), ஹோப்பே (1930), டெம்போ (1931). ஒவ்வொன்றும் மாணவரின் பெயரிலேயே வந்தது. வழிகாட்டியின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. (இன்றைய நெறியாளர்கள் இதனை எங்ஙனம் கருதுவர் என்பது வேறு செய்தி.) காப்பிக்கடையில் நெடுநேரம் நீண்ட குழு விவாதங்களும் இப்பயிற்சியின் பகுதியே.

எனினும் குறையும் அங்கேயே உள்ளது. பங்கேற்பாளர் பணியில் மிகவும் ஆழ்ந்திருக்கும் தருணத்திலேயே குறுக்கிட வேண்டும் என்பது முறையியலின் உயிர்நாடி. அத்தருணத்தை அறிவது ஆய்வாளரின் நுண்ணுணர்வு. உடனிருந்து பழகுவோருக்கு அது வாய்க்கும். அச்சிட்ட பக்கத்தின்வழி அதனைக் கடத்துவது கடினம். மேலும், எதிர்பார்க்கும் முடிவை அறிந்தவரே குறுக்கிடும் நேரத்தையும் தேர்ந்தார் என்பதால் அவருடைய எதிர்பார்ப்பு முடிவில் கலந்திருக்கக்கூடும். பிற்கால ஆய்வகங்களில் முடிவுகள் முரண்பட்டமைக்கு இவ்விரண்டும் காரணங்களாக இருந்திருக்கலாம்.

2025இல் வெளிவந்த தொகுப்பாய்வு, முடிவுறாத பணிகளுக்குப் பொதுவான நினைவு மேம்பாடு இல்லை எனக் காட்டியுள்ளது. ஆனால் இடைநின்ற பணியை மீண்டும் மேற்கொள்ளும் நாட்டம் பொதுவானது என்பதை அது ஏற்கிறது. அந்நாட்டத்தை முதலில் சோதித்துக் காட்டியவர் அதே ஆய்வகத்தின் மற்றொரு மாணவியான மரியா ஓவ்சியங்கினா. பாடநூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது.