யாத்திரையும் நிலைபேறும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் (1894) ஆய்வாளரால் பெரும்பாலும் இருவகையாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. ஆசிரியரைக் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றி, கம்பனின் செல்வாக்கைப் பாட்டுக்குப் பாட்டு எடுத்துக்காட்டுவது ஒன்று. ஜோன் பனியனின் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு, கூட்டியனவும் குறைத்தனவும் எவையெனக் கணக்கிடுவது மற்றொன்று. இவை பயனற்றன அல்ல. ஆயினும் இரு நூல்களுக்கும் உயிர்நாடியாகவுள்ள வினா ஒன்று இம்முயற்சிகளில் தீண்டப்படாமலே எஞ்சிநிற்கின்றது. விசுவாசி இறுதிவரை நிலைத்துநிற்றல் என்பது யாது? அது அடங்கிப்போதலா, அன்றி எதிர்த்துநிற்றலா? இவ்வினாவை முன்வைத்தே நாம் இந்நூலை ஈண்டு மதிப்பிட முயல்கின்றோம்.

பனியன் (1628–1688) ஊரூராகச் சென்று பாத்திரங்களைச் செப்பனிட்ட ஒரு தொழிலாளி. இங்கிலாந்தில் 1660ஆம் ஆண்டு முடியாட்சி மீண்டும் நிலைநாட்டப்பட்டபின், அரச திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்தமைக்காகச் சிறையிடப்பட்ட அவர், ஏறத்தாழ 12 ஆண்டுகளைப் பெட்போர்ட் சிறையிற் கழித்தார். இனிப் போதிப்பதில்லை என அவர் உறுதியளித்திருப்பின் விடுதலை கிட்டியிருக்கும். அவர் அதனை அளிக்கவில்லை. எனவே, அவரைப் பொறுத்தவரை நிலைபேறு என்பது வெறும் உளப்பண்பு அன்று. அதிகாரத்தின் கோரிக்கையை நாள்தோறும் மறுக்கும் செயலாகும். 1678இல் அவரது நூலின் முதற்பாகம் வெளிவந்தபோது அதனுட் பொதிந்திருந்தது இவ்வனுபவமே.

இதனை நூலின் அமைப்பே புலப்படுத்துகின்றது. யாத்திரிகனது பாவச்சுமை சிலுவையடியிற் கழன்று விழுவது கதையின் தொடக்கப் பகுதியிலேயாம். மீட்பு கிட்டியபின்னரே பாதை கடினமாகின்றது. ஏற்றத்தின் நடுவே இளைப்பாறுமிடத்தில் உறங்கியவன் தன் சான்றுச் சுருளை இழக்கின்றான். அதனைத் தேடி வந்தவழியே மீளவும் நடக்கவேண்டியவனாகின்றான். ஐயக்கோட்டையில் அடைபட்டுத் துன்புற்றபின், கதவுகளைத் திறக்கவல்ல வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தமை அவனுக்கு நினைவுக்கு வருகின்றது. மோட்சத்தின் வாயிலிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி உண்டு என்பதோடு முதற்பாகம் முடிகின்றது. ஆன்மிக ஒழுக்கம் அருளை ஈட்டுவதற்கான விலை அன்று; பெற்ற அருளை மறவாதிருக்கும் விழிப்பே என்பது இதன் கருத்தாகும்.

இவ்விழிப்பின் சமூகப் பயன் குறித்து அறிஞரிடையே வேறுபாடு உண்டு. மனைவி மக்களைப் பிரிந்து, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடும் யாத்திரிகனிடம் தன் மீட்பொன்றையே கருதும் தனிமனிதனைக் கண்டார் மக்ஸ் வேபர். ஈ. பி. தொம்சனோ, 1963இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் அடிப்படை நூல்கள் இரண்டில் ஒன்றாகப் பனியனின் நூலைக் கொண்டார். சமயம் என்றவுடன் அதனை மயக்கமருந்தென ஒதுக்கிவிடுவோர் இவ்விரு கூற்றுக்களையும் ஒருங்கே மனங்கொள்ளல் வேண்டும்.

இனித் தமிழ் நூலுக்கு வருவோம். திருநெல்வேலி வைணவ வேளாளர் மரபில் தோன்றிய கிருஷ்ணபிள்ளை 1858இற் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அங்கு அவர் தினவர்த்தமானி இதழிற் பீற்றர் பேர்சிவலுக்குத் துணைநின்றார். அதே பேர்சிவலுடன் யாழ்ப்பாணத்தில் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் சைவத்திலேயே நிலைத்துநின்றமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரே பாதிரியாரின் தொடர்பில் வந்த இரு தமிழ்ப் புலவர் எதிரெதிர்த் திசைகளில் உறுதிபூண்டனர்.

ஐந்து பருவங்களாக அமைந்த தம் காப்பியத்திற் கிருஷ்ணபிள்ளை செய்த முதன்மையான மாற்றம், மூலத்தில் இல்லாத இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடியமையாகும். இதனால் நிலைபேற்றின் இயல்பே மாறுகின்றது. பனியனின் யாத்திரிகன் தன் உள்ளத்தைச் சோதித்துச் சோதித்து நடக்கின்றான். கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகன் துன்புற்ற தலைவனை நோக்கி உருகி உருகி நடக்கின்றான். தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை அவர் இடையிடையே அமைத்தமை தற்செயலன்று. தனிமனித சோதனையாக இருந்த ஒழுக்கம் பக்தியாகக் கனிகின்றது. இது வெறும் தழுவலன்று; தமிழ் மரபின் வழிநின்ற மறுபடைப்பெனலாம்.

ஆனால் இப்பேற்றுக்கு ஈடாக ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. சேற்றிலும் சந்தையிலும் கேட்கும் எளியோரின் பேச்சே பனியனின் உரைநடைக்கு வலிமை தந்தது. விருத்தத்தின் ஓசையும் காப்பிய வருணனையும் அவ்வன்மையை மழுக்கிவிடுகின்றன. நிதானியின் உயிர்த்தியாகம் நம்மை உருக்குகின்றது. ஆனால் அவனைக் கொன்ற சந்தையின் நீதிமன்றம் நம்மைச் சினங்கொள்ளச் செய்வதில்லை. மேலும், புலமை மிக்கோரே இக்காப்பியத்தை எளிதிற் கற்கவியலும். அக்காலத் திருநெல்வேலிக் கிறித்தவருட் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட உழைப்பாளிகளாவர். அயலிலுள்ள திருவிதாங்கூரில், தோள்சீலை அணியும் உரிமைக்காகக் கிறித்தவ நாடார் பெண்கள் தாக்குதல்களையும் அவமதிப்பையும் பல்லாண்டுகள் தாங்கிநின்றனர்; அரசு அவ்வுரிமையை ஓரளவு ஏற்றுப் பிரகடனஞ் செய்தது 1859இல், கவிஞர் திருமுழுக்குப் பெற்ற மறு ஆண்டில். பனியனின் சிறைவாசத்துக்கு நிகரான நிலைபேறு அதுவே. காப்பியமோ அதனைத் தன் பாதையிற் சந்திக்கவில்லை.

கவிஞரின் மெய்ம்மையை ஐயுறுவது நமது நோக்கமன்று. மரபையும் உறவையும் கடந்து தாம் கொண்ட விசுவாசத்தில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக நிலைத்தவர் அவர். எனினும் பொறுமையைப் போற்றும் இலக்கியத்தை, அது எதனைப் பொறுக்கச் சொல்கின்றது, எதனை மறுக்கச் சொல்கின்றது என்று வினவியே மதிப்பிடல் வேண்டும். இரட்சணிய யாத்திரிகம் துன்பத்தைத் தாங்கும் உள்ளத்தைத் தமிழில் ஒப்பற்ற முறையிற் காட்டியது. அத்துன்பத்தை விளைத்தோரை நோக்கி நிமிர்ந்துநிற்கும் உள்ளத்தைக் காட்டும் பணி, பின்வந்த தமிழ்ப் படைப்பாளிகளுக்கு அது விட்டுச்சென்ற கடனாகும்.