இறாக்கையில் குறைந்த சாறன்கள்

கல்முனை பஸாரில் ஒரு துணிக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த இருப்புக் கணக்கு மென்பொருள் எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் கணக்குப் பிசகியது. வழக்கமாக அந்தக் கடையில் பில் போட ஒரே மேசைதான். பெருநாள் கூட்டத்தைச் சமாளிக்க முதலாளி ஹாஜியார் இரண்டாவது மேசையும் போட்டு, இன்னொரு கணினியையும் இணைத்திருந்தார். தராவீஹ் தொழுகை முடிந்து கடை நிரம்பி வழிந்த ஓர் இரவில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, உங்கட கொம்பியூட்டர்ல நாப்பது சாறன் எண்டு காட்டுது. இறாக்கையில எண்ணினா முப்பத்தொண்டுதான் கிடக்கு. நான் பொடியன்மாரைச் சந்தேகப்படுறதா, உங்களைச் சந்தேகப்படுறதா?”

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரே சாறனுக்கு இரண்டு மேசையிலும் ஒரே நொடியில் பில் விழும்போது, இரண்டு கணினியும் இருப்பு 12 என்று வாசிக்கின்றன. இரண்டும் தனித்தனியே ஒன்றைக் கழித்து 11 என்று எழுதிவிடுகின்றன. விற்றது இரண்டு, கழிந்தது ஒன்று. இந்த ஆபத்தையும், அதைத் தடுக்கும் ட்ரான்ஸாக்‌ஷன் முறையையும் டிப்ளோமா பரீட்சையில் வரைவிலக்கணத்தோடு எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான். அப்படியிருந்தும் அந்த இரண்டு நாளும், கடையில் வேலைசெய்த ஏழைப் பிள்ளைகள் மேல் திருட்டுச் சந்தேகம் நிழலாக விழுந்து கிடந்தது.

எனக்கு அறிவு இருந்தது, தேர்ச்சி இல்லை. இந்த இடைவெளியை எது நிரப்புகிறது? மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்காலத்தைத் தேடும் பிள்ளைகளுக்கு இதைவிட அவசரமான கேள்வி இல்லை. அவர்களுக்குச் சொல்லப்படும் பதில்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் பதில், படிப்பு. சாதாரண தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நம் பிள்ளைகள் பாஸ்கல் படிக்கிறார்கள், உயர்தரத்தில் பைதன். நிக்லாஸ் வேர்த் 1970 இல் வெளியிட்ட மொழியை இன்னும் படிப்பிக்கிறார்களே என்று பலர் குறைப்படுகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. வேர்த் பாஸ்கலை உருவாக்கியதே மாணவருக்கு ஒழுங்கான சிந்தனையைப் பழக்கத்தான். பிழை மொழியில் இல்லை. செய்நிரலைத் தாளில் எழுதி, தாளிலேயே ஓட்டி, தாளிலேயே புள்ளி வாங்குவதுதான் பிழை. ஓடாத செய்நிரல் எழுதியவனைத் திருத்தாது.

பல்கலைக்கழகப் படிப்பை, செய்நிரல் ஓடுகிறதா என்ற இந்த அளவுகோலால் மட்டும் நிறுத்துவது அநியாயம். ஒலுவில் வளாகம் கிழக்கிலங்கையின் இந்தக் கரைக்கு என்ன என்பது வெளியூர்க்காரருக்கு எளிதில் விளங்காது. யுத்தத்தால் வேறு பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமல் போன மாணவர்களுக்காக, அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியில் 1995 இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது அது. இன்று சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய, இன்று அதன் கணினிக் கல்லூரி நடத்தும் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு, தரவுத்தளம் ஆகிய நான்கு தூண்களையும் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் செய்வது பட்டப்படிப்புத்தான். ‘ஆறே மாதத்தில் சொஃப்ட்வெயார் எஞ்சினியர்’ என்று பதாகை கட்டும் வகுப்புகளால் அது முடியாது. ஒரு கட்டமைப்புக் கருவியின் பொத்தான்களை அவை பழக்கிவிடும். அடுத்த ஆண்டு பொத்தான் இடம் மாறினால் படித்த பிள்ளை தவித்து நிற்கும்.

ஆனால் பட்டப்படிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இது இலங்கைக்கு மட்டும் உரியதும் அல்ல. இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை மாணவர் மாதக்கணக்கில் கண்விழித்து எழுதுகிறார். வாய்மொழிப் பரீட்சையில் அது ஓடிக் காட்டுகிறது. மறுநாளே அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. பாவிக்க ஆளில்லாததால் பிழை வெளியே வருவதில்லை, திருத்தும் தேவையும் எழுவதில்லை. அடுத்த தொகுதி மாணவர் வெற்றுத் திரையிலிருந்து இன்னொன்றைத் தொடங்குகிறார். என் டிப்ளோமாச் செயற்றிட்டமும் இப்படி மடிந்ததுதான். துணிக்கடைக்கு எழுதியது மடியாமல் கிடந்ததால்தான் என் அறியாமை எனக்குத் தெரியவந்தது.

இரண்டாவது பதில், காலம். கூகுளில் ஆய்வுத் தலைவராக இருந்த பீட்டர் நோர்விக், சில நாளிலோ மணித்தியாலத்திலோ நிரலாக்கம் கற்பிக்கிறோம் என்று வந்த புத்தகங்களுக்கு எதிராக 2001 இல் ஒரு கட்டுரை எழுதினார். பத்து ஆண்டு ஆகும் என்பது அவர் வாதம். இதோடு சேர்ந்து, 10,000 மணித்தியாலம் பயின்றால் தேர்ந்துவிடலாம் என்ற கணக்கும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அதன் மூலம் ஆண்டர்ஸ் எரிக்சனும் தோழர்களும் பெர்லினில் வயலின் மாணவரை ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட கட்டுரை. எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008 இல் அதைப் பிரபலமாக்கினார். பரவும் வழியில் ஒன்று தொலைந்து போனது. அந்த வயலின் மாணவர்களுக்கு ஆசிரியர் இருந்தார். வாராவாரம் வாசிப்பைக் கேட்டு, பிசகிய சுரத்தைச் சுட்டிக்காட்டி, அடுத்த வாரத்துக்கான பயிற்சியைக் கொடுத்து அனுப்பினார். ஆசிரியரை உருவிவிட்டு மணித்தியாலத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2014 இல் புரூக் மக்னமாராவும் தோழர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தேர்ச்சியில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பயிற்சியின் பங்கு சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21 சதவீதம், தொழில்துறைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. தொழிலில் பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். அலுவலகத்தில் கழிந்த மணித்தியாலத்தில் எது பயிற்சி, எது வெறும் வேலை என்று பிரிப்பதே கடினம். ஆனால் ‘எனக்குப் பத்து வருட அனுபவம்’ என்ற சொல்லை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இது போதும். முதல் வருடத்தையே பத்துத் தடவை வாழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யூடியூப்பில் தானாகக் கற்பவருக்கும் ஆசிரியர் இல்லாத இதே குறைதான். பாடங்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை, தமிழிலும் இன்று நல்லவை கிடைக்கின்றன. பாடம் சொல்பவர் நம் நிரலைப் பார்ப்பதில்லை என்பதே தடை. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. சிவப்பு எழுத்தில் ஆங்கிலப் பிழைச்செய்தி வந்தவுடன் நெஞ்சு படபடக்க அந்தச் சாளரத்தை மூடிவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து, ‘மூடாதே மகள், கடைசி வரியை மட்டும் வாசி, எந்த வரி இலக்கம் எண்டு பார்’ என்று பத்து நாள் சொன்னால் அந்தப் பயம் தெளிந்துவிடும். ஆங்கில இலக்கணம் முழுதும் கற்ற பிறகுதான் நிரல் எழுத வேண்டும் என்பது தேவையற்ற அச்சுறுத்தல்.

மருதமுனைக்காரர்கள் இந்த இடத்தில் கைத்தறியைச் சொல்வார்கள். தறியில் உட்காரும் முன் பிள்ளை நூல் சுற்றும், அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும், மூத்தவர் கைபோகும் போக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அருமையான பாடம்தான். புதியவரைப் பிறர் எழுதிய நிரலின் அறுந்த இழைகளில் தொடங்க விடுவதுதான் உலகெங்கும் நல்ல குழுக்களின் வழக்கமும். ஆனாலும் ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. இழை தவறினால் துணியில் உடனே தெரியும், தடவினால் விரல் சொல்லும். என் நிரலில் இழை தவறியது எட்டு மாதம் யார் கண்ணுக்கும் படவில்லை. அதனால் நெசவைவிட நிரலுக்குத்தான் இரண்டாவது கண் அதிகம் தேவை.

அந்த இரண்டாவது கண் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி இந்த நாட்டிலேயே இருக்கிறது, நம் துயரத்தோடு பிணைந்ததாக. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேல். கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒருவரையும் இழக்காத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. காணாமற்போனோர், முகாம்கள், வந்துசேர்ந்த உதவிகள் எல்லாவற்றையும் பதிய, கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களில் ‘சஹனா’வை எழுதினார்கள். அவசரத்தில் பிறந்த அந்த மென்பொருள் பிறகு திறந்த மூலத் திட்டமாக மறுபடி எழுதப்பட்டு, 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 ஹெய்ட்டிப் பூகம்பத்துக்கும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துத் திருத்தினார் என்பதால்தான் அது அடுத்த தேசத்தின் அழிவுக்கும் உதவ முடிந்தது. அழிவு நடந்த கரையில் நின்று பார்க்கும்போது எனக்கு ஓர் ஏக்கமும் உண்டு. அந்த வேலையில் கை வைக்கும் தேர்ச்சியுள்ள ஒரு கூட்டம் அன்று நம் ஊர்களில் திரண்டிருக்கவில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இன்னொரு சாட்சி. கூகுள் 2005 இல் தொடங்கிய ‘சம்மர் ஒஃப் கோட்’ திட்டத்தில் மாணவர்கள் உலகத் திறந்த மூலத் திட்டங்களுக்கு நிரல் எழுத, மூத்தவர் ஒருவர் வழிகாட்டினார். முதல் பத்து ஆண்டுக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவரைச் சேர்த்தது மொறட்டுவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தாண்டிய இந்த எண்ணிக்கைக்கு அங்குள்ள இயந்திரங்கள் காரணமாக முடியாது. முன்னே போன அண்ணன் அக்கா பின்னே வருபவரின் விண்ணப்பத்தையும் நிரலையும் வாசித்துக் கொடுக்கும் வழக்கம் ஒரு தடவை வேர்பிடித்தால் தொகுதி தொகுதியாகத் தொடரும்.

செயற்கை நுண்ணறிவு அந்த மூத்தவரின் இடத்தை நிரப்பாதா என்று இப்போது கேட்கிறார்கள். பிழைச்செய்தியைத் தமிழில் விளக்கிச் சொல்ல அது நல்ல துணை, நானும் பாவிக்கிறேன். ஆனால் METR என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2025 இல் வெளியிட்ட முடிவு யோசிக்க வைக்கிறது. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தாங்கள் நன்கறிந்த திட்டங்களில் 246 பணிகள். இந்தக் கருவிகளைப் பாவித்தபோது வேலை 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். சிறிய ஆய்வு, கருவிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன, ஆகவே வேகத்தைப் பற்றி இதிலிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தேர்ந்தவர்களுக்கே தங்கள் வேகம் பற்றிய உணர்வு இவ்வளவு தவறுமானால், தொடங்குபவர் ‘விளங்கிவிட்டது’ என்ற தன் உணர்வை எப்படி நம்புவது? கேட்டதும் கிடைக்கும் நிரல், சாறன் ஏன் குறைந்தது என்று இரண்டு நாள் தேடும் வாய்ப்பையும் எடுத்துப் போய்விடுகிறது.

டென்மார்க்கின் கணினி விஞ்ஞானி பீட்டர் நவுர் 1985 இல் எழுதிய கட்டுரை ஒன்று இவையெல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. நிரல் என்பது எழுதப்பட்ட வரிகளுக்குள் அடங்காது, எழுதியவர் மனதிலுள்ள விளக்கமே அதன் உயிர், அந்த விளக்கத்தை வைத்திருக்கும் குழு கலைந்தால் நிரலும் இறந்துபோகும் என்றார் அவர்.

ஆகவே என் தீர்ப்பு இது. பட்டம் வேண்டும், கிடைக்காவிட்டால் அதன் நான்கு தூண்களையாவது வேறு வழியில் படித்தே ஆக வேண்டும். ஆண்டுக் கணக்கும் சான்றிதழ்க் கட்டும் தனியே எடைபோடத் தக்கவை அல்ல. தொடக்கக்காரரைத் தேர்ந்தவராக்குவது, வேறு மனிதர் தினமும் பாவிக்கும் ஒரு மென்பொருளை நீண்ட காலம் பேணுவதும், தன் நிரலை மூத்த ஒருவர் வாசிப்பதும் சேர்ந்துதான். முதலாவதுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. அரிசி ஆலை, மருந்துக்கடை, மீன்வாடி, பள்ளிவாசல் ஸகாத் கணக்கு, கைத்தறிப் பட்டறை என்று தேவை நிறைந்து கிடக்கிறது. இரண்டாவதுதான் இல்லை. தேர்ந்தவர்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விடுகிறார்கள், போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஊர்ப்பிள்ளை ஒருவரின் நிரலை வாசிக்க, ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. உயர்கல்வி நிறுவனங்கள் இறுதியாண்டு மாணவரில் ஒரு பகுதியினரிடம் புதிதாக எழுதச் சொல்லாமல், கடந்த தொகுதி விட்டுப்போன செயற்றிட்டத்தைக் கையேற்று, உண்மையான ஒரு கடையில் ஒரு வருடம் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். புதிய கட்டடம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஹாஜியாரின் கடையில் அந்த மென்பொருள் இன்னும் ஓடுகிறது. இப்போது அதைப் பார்த்துக்கொள்வது சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு மாணவி. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே இருப்பைக் கழிக்கும் இடத்தில் ஒரு வரியைக் காட்டி, “இது ஏன் சேர் இங்க இருக்கு? எடுத்தாலும் ஓடுதே” என்று கேட்டாள். நான் எழுதியதுதான், காரணம் உடனே நினைவுக்கு வரவில்லை. அன்று பின்னேரம் கடை மூடிய பிறகு, அந்த வரியை எடுத்துவிட்டு இரண்டு மேசையிலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பில் போட்டுப் பார்த்தோம். இருபத்து மூன்றாவது தடவை இரண்டு பில்லுக்கு ஒரு சாறன்தான் கழிந்தது. அவள் வரியைத் திரும்பப் போட்டு, அதன் மேலே காரணத்தைத் தமிழில் எழுதி வைத்தாள்.